தைலம்மாள் கொளுத்திய படகு

ராமாமிர்தம் தைலம்மாளுக்குத் தர வேண்டியது தொண்ணூறாயிரம் ரூபாய். வட்டியைச் சேர்க்காமல் சொல்கிறேன். இந்தக் கடனைக் கடலூர்த் துறைமுகப் போலீஸ் ஸ்டேஷனில் ஊர் கூடி நின்றபோது முதலில் வாயைத் திறந்து சொன்னவன் நான்தான். மற்றவர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு அவளிடம் வருகிறேன். என் பெயர் தங்கராசு. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. இன்று முதுநகரில் படகு இன்ஜின் பட்டறை என்று கேட்டால் ஆட்டோக்காரன் நேராக என் வாசலில்தான் கொண்டுவந்து இறக்குவான். இன்ஜின் இருமுகிற சத்தத்தைக் கரையில் நின்று கேட்டே எங்கே அடைப்பு என்று சொல்லிவிடுவேன். சொந்தமாக இரண்டு விசைப்படகு, மாடி வீடு எல்லாம் இந்தக் கையால் வந்தவை. அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒரு துடுப்புகூட இல்லை. தைலம்மாள் என் சித்தப்பா மகள். எங்கள் வம்சத்தில் என்னை எதிர்த்துப் பேசத் துணிந்த ஒரே ஆள் அவள்தான். அதனால்தான் அவளைப் பற்றிச் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் தைலம்மாள் கூடைக்காரி. நெல்லிக்குப்பம், திருவந்திபுரம் என்று அலைந்து விற்பாள். புரட்டாசியில் திருவந்திபுரம் பக்கம் மீன் கூடையைத் தூக்க முடியாது, அந்த மாதம் முழுக்கக் கருவாடு போட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் பஸ்ஸில் ஏறினவளை நாற்றம் என்று கண்டக்டர் திட்டி, கூடையைப் படியிலிருந்து எட்டி உதைத்துவிட்டான். சங்கரா மீன் ரோடெல்லாம் சிதறியது. அவள் கீழே இறங்கவில்லை. கண்டக்டரின் தோல்பையைப் பிடித்து இழுத்து அவனை ரோட்டில் தள்ளினாள். பின்னாலேயே குதித்து அவன் முழங்கையைக் கடித்துவிட்டாள்.

"மீன் காசை வெச்சிட்டு விசிலு ஊது," என்றாளாம், வாயெல்லாம் ரத்தத்தோடு.

பஸ்ஸில் இருந்தவர்களே காசு வசூல் செய்து கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அதற்குப் பிறகு அந்த வழியில் எந்தக் கண்டக்டரும் அவள் கூடையைப் பார்த்து மூக்கைப் பொத்தியதில்லை.

அவள் புருஷன் கண்ணாயிரம் நேர் எதிர். பேசினால் காசு செலவாகும் என்பது போல இருப்பான். கடலில் மட்டும் அவன் கெட்டிக்காரன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வலை போடுகிறவன். சுனாமியில் அவனுடைய கட்டுமரம் போய்விட்டது. நிவாரணப் பட்டியலில் பேர் வரவில்லை. அப்புறம் அடுத்தவன் படகில் கூலிக்குப் போனான். புருஷன் இன்னொருவனிடம் கைநீட்டிக் கூலி வாங்குவதை தைலம்மாளால் பார்க்க முடியவில்லை. ஒரு படகு, தன் படகு, அதில் கண்ணாயிரம் நிற்க வேண்டும். அவளுக்கு அதைத் தவிர வேறு ஆசை கிடையாது.

ராமாமிர்தமும் எங்கள் குப்பத்துக்காரன்தான். அவனுக்கு நிவாரணத்தில் ஒரு பைபர் படகு கிடைத்தது. டீசல் இன்ஜின், புது வலை எல்லாம் சேர்த்து. ஆனால் அலைக்குப் பிறகு அவனுக்குக் கடல் என்றாலே பயம். பெண்டாட்டி ஊரான புவனகிரிக்குப் போய்விட்டான். 2006 தை மாதம் அந்தப் படகைத் தொண்ணூறாயிரத்துக்கு விலை பேசினான். தைலம்மாள் தாலியைத் தவிர எல்லா நகையையும் விற்று, சீட்டை எடுத்து, பணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

படகு கைமாற எங்கள் குப்பத்தில் ஒரு முறை உண்டு. விற்கிறவன் நங்கூரக் கயிற்றின் நுனியைக் கடல் தண்ணீரில் நனைத்து, பஞ்சாயத்தார் முன்னால் வாங்குகிறவன் கையில் போடுவான். அதை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டால் படகு அவனுடையது. அதற்கு மேல் எவனும் வாய் பேசக் கூடாது. அன்று கையை நீட்டியது கண்ணாயிரம் இல்லை, தைலம்மாள்.

"பொம்பள கையிலயா கயிறு?" என்று கூட்டத்தில் ஒருவன் இழுத்தான்.

"காசு குடுத்தது உங்கப்பனாடா? வாய மூடு," என்று சொல்லிக்கொண்டே அவள் கயிற்றைச் சுற்றிக்கொண்டாள்.

ஆனால் சர்க்கார் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. மீன்துறை அலுவலகத்தில் படகுக்கு நம்பர் போட்டு, யாருடைய படகு என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெயருக்குத்தான் வரி இல்லாத டீசல் கிடைக்கும். பெயரை மாற்ற எழுதிக்கொடுத்தால் புதுப் புத்தகம் வரும்வரை வரியோடு டீசல் போட வேண்டும். அப்போது நல்ல மீன்பாடு. ஒரு நாள் டீசலுக்கு யோசித்தால் ஒரு நாள் மீன் போய்விடும். அதனால் புத்தகம் ராமாமிர்தம் பெயரிலேயே இருக்கட்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். எங்கள் கரையில் பாதிப் படகு அப்படித்தான் ஓடியது. கயிறு ஒருவன் கையில், புத்தகம் இன்னொருவன் பெயரில். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

மாதம் ஒரு தரம் ராமாமிர்தம் புவனகிரியிலிருந்து பஸ் ஏறி வருவான். டீசலுக்குக் கையெழுத்துப் போடுவான். தைலம்மாள் இருநூறு ரூபாயும் ஒரு குழம்புக்கான மீனும் கொடுப்பாள். மூன்று வருஷம் இப்படி ஓடியது. கண்ணாயிரம் நன்றாகச் சம்பாதித்தான். தைலம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஏலம் விடுகிறவளாகத் துறைமுகத்தில் நின்றாள். அவள் குரலுக்கு வியாபாரிகள் பயப்படுவார்கள்.

2009-இல் ராமாமிர்தம் சிதம்பரத்தில் மெஸ் வைக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் காசில்லை. ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது வந்து நின்றான்.

"இனிமே மாசம் ரெண்டாயிரம் குடுக்கணும் தைலம்."

"எதுக்கு?"

"எம் பேருக்குதான் டீசல் வருது. எம் பேர்ல ஓடுற படகுக்கு வாடகைன்னு வெச்சிக்கயேன்."

வியாபாரிகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அவள் காலடியில் ஏலத்துக்குக் கொட்டிய திருக்கை மீன் கிடந்தது. முள்ளை எடுத்துவிட்டு அறுத்துப்போட்ட அதன் வால் பக்கத்தில் கிடந்தது, சாட்டை நீளம் இருக்கும். அதை எடுத்து அவன் முகத்தில் வீசினாள். காதிலிருந்து மோவாய் வரை தோல் பிளந்துகொண்டது. இரண்டாவது வீச்சு கழுத்தில் விழுந்தது. நான் போய் அவள் கையைப் பிடித்திராவிட்டால் மூன்றாவது கண்ணில் விழுந்திருக்கும்.

"தொண்ணூறாயிரம் வாங்கிட்டு வாடகை கேக்குறியா? இந்தா வாடகை!"

ராமாமிர்தம் தோள் துண்டைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். அடிவாங்கினவன் கத்தினால் பயமில்லை. கத்தாமல் போகிறவனைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே நான் சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

அடுத்த மாதம் மீன்துறை அதிகாரி ஒருவர் வந்தார். படகின் நம்பரைப் பார்த்தார், இன்ஜின் நம்பரைத் தாளில் தேய்த்து எடுத்தார். வழக்கமான சோதனை என்று நினைத்து கண்ணாயிரம் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான், கூட நின்று துணியால் நம்பரைத் துடைத்தும் காட்டினான். தன் படகை அடுத்தவன் பெயருக்கு மாற்றத்தான் அவர் வந்திருக்கிறார் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ராமாமிர்தம் அதைச் சார்லஸ் என்பவனுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு விற்று, முறையாக எழுதிக்கொடுத்து, அலுவலகத்தில் பெயரும் மாற்றிவிட்டான். அந்த அதிகாரியும் தன் முன்னால் இருந்த காகிதப்படிதான் செய்தார். குற்றம் அவர்மேல் இல்லை.

சார்லஸ் தெற்கே இன்னொரு குப்பத்துக்காரன். நல்ல உடம்பு, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. விடியற்காலை ஒரு விசைப்படகில் எட்டுப் பத்து ஆட்களோடு, எங்கள் படகுகள் கட்டுகிற உப்பனாற்றில் வந்து, கண்ணாயிரம் படகின் பக்கத்தில் ஒட்டி நின்றான்.

"படகு என்னுது. புக்கு என் பேர்ல இருக்கு. இறங்குங்க."

கண்ணாயிரம் இறங்கவில்லை. நங்கூரக் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பட்டறையிலிருந்து ஸ்பேனரோடு ஓடினேன். அப்போது எனக்கு அறுபது வயது. அப்படியும் முதலில் படகில் குதித்தவன் நான். என் ஸ்பேனருக்கு ஒருவனுடைய தோள்பட்டை இறங்கியது, இன்னொருவன் பல்லோடு தண்ணீரில் விழுந்தான். பிறகு கரையிலிருந்து கல் வந்தது, துடுப்பு வந்தது. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. தைலம்மாள் ஐஸ் உடைக்கிற இரும்புக் கம்பியோடு முழங்கால் சேற்றில் இறங்கி வந்தாள். ஒருவனுடைய முட்டியில் ஒரே போடு, அவன் உட்கார்ந்த இடத்திலேயே அம்மா என்று அலறினான்.

அந்தக் களேபரத்தில் சார்லஸின் ஆள் ஒருவன் சூரிக்கத்தியால் கயிற்றை அறுத்தான். கயிறு சுற்றியிருந்த கையும் அதிலேயே இருந்தது. கண்ணாயிரம் கையை உதறியபோதுதான் இரண்டு விரல் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்தில் உள்ளதும் உப்பனாற்றில் போய்விட்டன. ரத்தத்தைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் கை நின்றது. சார்லஸ்கூட, "டேய், கத்தி எடுக்கச் சொன்னது யாருடா?" என்று தன் ஆளையே அறைந்தான்.

போலீஸ் வந்தது. இரண்டு பக்கமும் கேஸ் போட்டார்கள். ஸ்டேஷனில்தான் நான் அந்தக் கடனைச் சொன்னேன். ஊர் முழுக்க வாசலில் நின்றது.

"ராமாமிர்தம் இவளுக்குத் தொண்ணூறாயிரம் தரணும் சார். இல்ல படகத் தரணும். கயிறு கைமாறினதுக்கு இந்தப் பஞ்சாயத்தே சாட்சி."

இன்ஸ்பெக்டர் பொறுமையான மனிதர்தான். "கயிறெல்லாம் சரி பெரியவரே. ஆர்.சி. புக்கு யார் பேர்ல?" என்றார்.

சார்லஸ் தன் பெயர் எழுதிய புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"அப்போ படகு சார்லஸோடது. நாளைக்குக் காலைல வந்து எடுத்துட்டுப் போகட்டும். யாரும் தடுக்கக் கூடாது."

தைலம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த கண்ணாயிரத்துக்குக் கஞ்சி ஊட்டினாள். மறுநாள் காலை சார்லஸ் ஆட்களோடும் இரண்டு கான்ஸ்டபிள்களோடும் வரும்போது அவள் படகில் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் டீசல் கேன் காலியாகக் கிடந்தது. வலை, பலகை, இன்ஜின் எல்லாம் நனைந்து பளபளத்தன.

"தைலம், வேணாம்! இறங்குடி!" என்று நான் கத்தினேன்.

"இறங்குறேண்ணே. படகு என்னுதுன்னு ஊருக்குக் காட்டிட்டு இறங்குறேன்."

ஒரு துணியைக் கொளுத்திப் படகில் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தாள். பைபர் எரிவதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கறுப்புப் புகை திரண்டு முகத்தில் அறையும். சிப்காட் ஆலைகளின் நாற்றத்துக்குப் பழகின எங்கள் மூக்கே அன்று எரிந்தது. பக்கத்துப் படகுகளின் கயிற்றை அறுத்துத் தள்ளி விடுவதற்குள் எல்லோருக்கும் மூச்சு முட்டிவிட்டது. நம்பர் எழுதியிருந்த முகப்பு கடைசியில் மடங்கித் தண்ணீரில் விழுந்தது. சேலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் கரையேறி, கான்ஸ்டபிள் முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள்.

அடுத்தவன் சொத்துக்குத் தீ வைத்ததாகக் கேஸ். தன் படகைக் கொளுத்தியதற்கு அப்படி ஒரு பெயர். ரிமாண்டில் வைத்தார்கள். ஜாமீன் எடுத்தவன் நான், என் வீட்டுப் பத்திரத்தை வைத்து. இதைச் சொல்லிக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வாய்தாவுக்குப் போன ஒரு நாள் கோர்ட்டு வாசலில், டீக்கடைப் பக்கம் சார்லஸ் தனியாக நின்றான். தைலம்மாள் நேராக அவனிடம் போனாள். நான் பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன்.

"நீ அவனுக்கு எவ்ளோ குடுத்த?" என்று கேட்டாள்.

"ஒன்னேகால் லட்சம்."

"எங்கிட்ட தொண்ணூறு."

சார்லஸ் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "வேற யாருக்கும் பாத்தியதை இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கான்மா. நீங்க வாடகைக்கு எடுத்து ஓட்டுறீங்கன்னு சொன்னான். அதனாலதான் ஆளோட வந்தேன்."

"எம் புருஷன் வெரலு?"

"எங்க ஆளு பண்ணது தப்பு. என்னா வேணும்னாலும் கேளு."

"நீ உள்ள தள்ளினா நான் கம்பி எண்ணுவேன். உனக்குக் கரிதான் மிச்சம். ராமாமிர்தம் சிதம்பரத்துல மீன் கொழம்பு ஊத்தி சாப்பாடு போடுறான். வர்றியா?"

"எங்க?"

"சாப்பிடத்தான்."

சார்லஸ் சிரித்துவிட்டான். கேஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சார்லஸ் கூண்டில் ஏறி, "தீ எப்படிப் பிடிச்சுதுன்னு எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றான். படகுக்காரனே இப்படிச் சொன்ன பிறகு கேஸ் நிற்கவில்லை. தைலம்மாளும் அதற்கடுத்த வருஷம் ஒரு பழைய படகு வாங்கினாள். கயிறும் சுற்றிக்கொண்டாள், பெயரும் மாற்றிக்கொண்டாள். புதுப் புத்தகம் வரும்வரை வரியோடு டீசல் போட்டு நஷ்டத்தில்தான் ஓட்டினாள். அவள் பெயர் ஏறுகிறதா என்று எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண் ஒருத்தியைக் கூட்டிப்போய் மேஜை முன்னால் நின்று படிக்கச் சொல்லிக் கேட்டாள். இப்போது எங்கள் கரையில் படகு வாங்குகிறவர்கள் முதலில் அலுவலகத்துக்குத்தான் போகிறார்கள்.

கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே சிதம்பரத்துக்கு நாங்கள் நாலு பேர் போனோம். நான், தைலம்மாள், சார்லஸ், அப்புறம் கண்ணாயிரம். அவனை வர வேண்டாம் என்றோம். அவன் பேசாமல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

மெஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆள் இல்லாத நேரம். ராமாமிர்தம் ராத்திரிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் திருக்கை வாலின் தழும்பு கோடாக இருந்தது. முதலில் தைலம்மாளைப் பார்த்தான், பக்கத்திலேயே சார்லஸைப் பார்த்தான். இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். வடிகஞ்சிப் பாத்திரத்தை அப்படியே எங்கள்மேல் வீசினான். என் இடது கை தோளிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது, வருகிறவர்களுக்குக் காட்டுவேன். வெந்த கையோடு ஸ்டூலை எடுத்து அவன் முதுகில் போட்டேன். சார்லஸ் ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்து முன்பல் ஆடியது.

அப்போதுதான் கண்ணாயிரம் போனான். மூன்று விரல் கையால் ராமாமிர்தத்தின் பிடரியைப் பிடித்து, மீன் பொரிக்கிற கல்லுக்கு நேராகக் குனிய வைத்தான். கல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. ராமாமிர்தத்தின் புருவ மயிர் பொசுங்குகிற வாசனை வந்தது. "மச்சான், விடு மச்சான்" என்று நான் இழுத்தேன். அசைக்க முடியவில்லை. இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததெல்லாம் அந்தக் கையில் இருந்தது.

தைலம்மாள் போய் அவன் தோளில் கை வைத்தாள். "விடுய்யா. மூஞ்சி வெந்து செத்துட்டான்னா எவன் காசு குடுப்பான்?"

கண்ணாயிரம் விட்டான்.

உள்ளேயிருந்து ராமாமிர்தத்தின் பெண்டாட்டி எழிலரசி வந்தாள். அழவில்லை. நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எவ்ளோ?" என்று மட்டும் கேட்டாள். சொன்னோம்.

"ரெண்டு தடவ வித்தியா?" என்று புருஷனைப் பார்த்தாள். அவன் தரையில் எச்சிலும் ரத்தமுமாகத் துப்பினான். "கடல் பயம்னு சொல்லிக் கூட்டியாந்த. பயந்தவன் பண்ற வேலயா இது?"

சார்லஸ் தன் பணத்துக்கு மெஸ்ஸையே கேட்டான். கட்டடக்காரரைக் கூப்பிட்டு, வாடகைச் சீட்டிலிருந்து கரண்ட் மீட்டர் வரை தன் பெயருக்கு மாற்ற எழுதி வாங்கினான். "நங்கூரக் கயிறு எதாச்சும் குடுக்கட்டுமா?" என்று நான் கேட்டேன். "பெரியவரே, இனிமே தீப்பெட்டி வாங்கினாலும் எம் பேர் போட்டுத்தான் வாங்குவேன்," என்றான்.

தைலம்மாள் மட்டும், "எனக்குக் கடையும் வேணாம், சீட்டும் வேணாம். நான் குடுத்தது நோட்டு. எனக்கு நோட்டு," என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

எழிலரசி கழுத்துச் சங்கிலியையும் வளையலையும் கழற்றிக்கொண்டு சேட்டுக் கடைக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் என் கையில் யாரோ தேங்காய் எண்ணெய் தடவினார்கள். அவள் பணத்தைப் புருஷன் முன்னால் வைத்து, "நீயே எண்ணிக் குடு. நீதான வாங்கின," என்றாள்.

ராமாமிர்தம் தைலம்மாள் முன்னால் குந்தினான். அவள் வலது கையை விரித்து நீட்டினாள். முதல் கட்டை எண்ணும்போதே அவன் உதட்டிலிருந்து ரத்தம் நோட்டில் சொட்டியது.

"இது வேணாம்," என்று அந்த நோட்டை அவள் திருப்பிப் போட்டாள். "அழுக்கு நோட்டு நான் குடுக்கல. தொடச்சிட்டு வேற வெய்யி."

அவன் தோளில் வாயைத் துடைத்துக்கொண்டான். சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டான். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு நோட்டாக வாய்விட்டு எண்ணி, தொண்ணூறாயிரத்தையும் அந்த உள்ளங்கையில் வைத்தான்.